அவருக்கு இரண்டு பாட்டு

என் கணவர் ஒரு ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். இதை டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்புகிற மீதிப் பேர், "பேஸ் கிட்டார்னா என்ன?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பாட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும்போது உங்களுக்குத் தனியாகக் கேட்காது, நிறுத்தினால் பாட்டே படுத்துவிடும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விடுவேன். நர்ஸாக இருந்தவளுக்கு ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்லும் பொறுமை இருக்கும் என்று நினைக்கிறார்கள். வேலையோடு அந்தப் பொறுமையும் ரிட்டயர் ஆகிவிட்டது.

அவர் வட இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் பஸ் டிரைவரின் மகன். கூடப் படித்தவர்கள் சேர்ந்து குழு ஆரம்பித்தபோது எல்லோருக்கும் சாதாரண கிட்டார்தான் வேண்டியிருந்தது. பேஸ் கிட்டாரை யாரும் ஆசைப்பட்டு எடுப்பதில்லை, அது யாராவது ஒருவர் தலையில் வந்து விழும் என்பார். சண்டை போடத் தெரியாததால் இவர் தலையில் விழுந்தது. விழுந்த பிறகு விடவே இல்லை. அந்தக் குழு சில வருடங்கள் பெரிய பெயரோடு இருந்தது. அமெரிக்கா, ஜப்பான் என்று ஊர் ஊராகப் போனார்கள், பிரிந்தார்கள், வழக்குப் போட்டுக்கொண்டார்கள், தலை நரைத்த பிறகு மறுபடி சேர்ந்தார்கள். எல்லாப் படத்திலும் இவர் ஓரத்தில் நிற்பார். சில படங்களில் தோள் மட்டும் இருக்கும். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பாட்டுக்காரரைத் தெருவில் ஜனங்கள் மொய்த்துக்கொள்ளும்போது இவர் பக்கத்துக் கடையில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பார்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டு, எங்கள் வீட்டில் இரண்டு பேர், நானும் தங்கையும். லண்டனில் நான் வேலை பார்த்த வார்டுக்கு அவர் பித்தப்பையில் கல்லோடு வந்து சேர்ந்தார். மற்ற நர்ஸ்கள் ஏதேதோ சாக்குச் சொல்லி அந்த வார்டுப் பக்கம் வந்துபோனார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் காலைத் தூக்கிப் போட்டிருந்ததற்காக அவரை நன்றாகத் திட்டினேன். மறுநாள், "நீங்க ரொம்பப் பெரிய ஆளாமே?" என்று கேட்டதற்கு, குழுவின் பாட்டுக்காரர் மேஜையில் வைத்துப்போன பூங்கொத்தைக் காட்டி, "இதைக் கொண்டுவந்து வச்சவன்தான் பெரிய ஆளு, நான் அவன் பக்கத்துல நிக்கிறவன்" என்றார். அந்தப் பதிலில் விழுந்தவள்தான் நான்.

விஷயத்தை அப்பாவுக்குப் போனில் சொன்னேன்.  அவர், "பேண்டு வாசிக்கவனா? கல்யாணத்துக்கா, சாவுக்கா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும் இல்லப்பா. சும்மா நின்னு கேக்கதுக்கு" என்றேன். சும்மா நின்று கேட்பதற்கு ஒரு பேண்டா என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையை அவருக்குப் பிடித்துப்போனது. சாப்பாட்டை வைத்தால் தட்டை வழித்துச் சாப்பிடுகிறவரை எங்கள் பக்கம் யாருக்குத்தான் பிடிக்காது.

நான் ரிட்டயர் ஆனதும் டெல்லிக்கு வந்துவிட்டோம். தங்கை இங்கே நர்ஸ், அவள் குடும்பம் எங்களுக்கு இரண்டு மாடி கீழே. விமான நிலையம் பக்கம் என்பதால் அவருக்கும் வசதி, குழு கூப்பிடும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வருவார். தங்கையை நான் அடியே என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் "ஏட்டி" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அது பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் என்று எண்ணி என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். நான் திருத்தவில்லை. மார்க்கெட்டில் காய்காரரை அண்ணே என்பதுபோல இந்தியில் "பையா" என்றும் என்னை "ஏட்டி" என்றும் கூப்பிட்டுக்கொண்டு அவர் பை தூக்கி வருவதைப் பார்த்துத் தங்கை சிரித்து உருளுவாள்.

வீட்டில் அவர் வாசிப்பது வெளியே கேட்காது. வந்த புதிதில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியைப் போட்டு வாசித்தார். மேல் வீட்டில் பாத்திரம் அதிர்கிறது என்று சொசைட்டி செக்ரட்டரி வந்து நின்றார். அன்றிலிருந்து ஒயரைச் செருகாமல் மடியில் வைத்து வாசிப்பார். அப்படி வாசித்தால் கம்பியின் மெல்லிய முனகல்தான் வரும், அவருக்கும் அவர் வயிற்றுக்கும் மட்டும் தெரியும். வயிற்றில் அதிர்ந்தால் எனக்குப் போதும் என்பார்.

ஒரு நவம்பரில், புகை மூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியாத ஒரு காலையில், சமையலறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவரின் இடது கையிலிருந்து பழம் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை போகவில்லை. முகத்தைப் பார்த்தேன், ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பக்கவாதம் எப்படி வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கையைக் கூப்பிட்டேன், காரை எடுத்தோம், நேரத்தோடு கொண்டு சேர்த்தோம். உயிர் பிழைத்தது. பேச்சு வந்தது. நடை வந்தது. இடது கை மட்டும் முழுதாக வரவில்லை.

பேஸ் கிட்டாரில் வலது கை கம்பியைச் சுண்டும். எந்த ஸ்வரம் என்பதை இடது கை விரல்கள் அழுத்தித் தீர்மானிக்கும். அவருக்கு முதல் இரண்டு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. மோதிர விரலும் சுண்டு விரலும் ஆராதனை பாதி முடிந்த பிறகு கோயிலுக்குள் நுழைகிறவர்களைப் போல வந்து சேர்ந்தன. பிசியோதெரபிஸ்ட், "அச்சா ஹை அங்கிள்ஜி, பஹுத் அச்சா" என்று தினமும் உற்சாகப்படுத்தினார். டீக்கோப்பை பிடிக்க, சட்டைப் பொத்தான் போட அந்தக் கை நல்ல கைதான். வாசிக்கத்தான் ஆகாது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

குழுவில் அவர் இடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டார்கள். நீ வரும்வரைதான் என்றார்கள். அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனார். முதலில் சவரம் நின்றது. பிறகு மார்க்கெட்டுக்குப் போவது. பிறகு சாப்பாடு. தட்டை வழித்துச் சாப்பிட்டவர் இரண்டு வாயில் எழுந்துவிடுவார். ஒரு நாள் காலை டீயை வைத்தபோது, வானிலை பற்றிச் சொல்வதுபோல, "அன்னைக்கு நீ என்னை விட்டிருக்கலாம், நேரத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் டீக்கோப்பையைத் தொட்டியில் எறிந்தேன், அது உடைந்தது. கத்தினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் வீடு எட்டாவது மாடி. அன்று மத்தியானமே பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். துணி காயப்போட வேறு வழியில்லாமல் ஹாலில் கொடி கட்டினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை நடுங்கவைத்தது.

தங்கை வந்து கொடியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"யக்கா, அத்தான் ஏதாவது சொன்னாவளா?"

"சொன்னாரு."

"மாத்திரையெல்லாம் எங்க வச்சிருக்க?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் ஏட்டி. கத்தியக்கூட மேல வச்சிருக்கேன்."

"நீ தூங்குதியா இல்லையா? மொகத்தைப் பாரு. அத்தானுக்கு முன்னால நீ போய்ச் சேந்துருவ போலுக்கு."

மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மாத்திரை கொடுத்தார்கள். நான் என் கையாலேயே கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எத்தனையோ நோயாளிகளிடம் செய்த வேலை. வீட்டில் செய்யும்போது கை கூசியது. அவர் வாயைத் திறந்து காட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இப்படியே ஓடி அடுத்த குளிர்காலம் வந்தபோதுதான் குழுவின் மேனேஜர் போன் செய்தார். அவரும் வெள்ளைக்காரர், தொடக்க காலத்திலிருந்து கூட இருப்பவர். பிப்ரவரியில் டெல்லியில் ஒரு மைதானத்தில் கச்சேரி வைத்திருக்கிறோம், உன் ஊருக்கே வருகிறோம், மேடைக்கு வந்து இரண்டு பாட்டு வாசிக்க வேண்டும் என்றார். போனை நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன்.  முடியாது என்று இவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "எந்த ரெண்டு?" என்று கேட்டார்.

அன்று இரவு ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் சவரம் செய்துகொண்டார், இடது கன்னத்தில் வெட்டுக்காயத்தோடு வந்து நின்றார், அந்தக் காயத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். கிட்டாரை எடுத்துக் கம்பி மாற்றச் சொன்னார். நான் மாற்றினேன், அவர் சொல்லச் சொல்ல முறுக்கினேன். பிறகு தினமும் காலையிலும் மாலையிலும் அந்த இரண்டு பாட்டு. ஒயர் இல்லாமல், மடியில். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே விரல்களைப் பார்ப்பேன். முதல் இரண்டு விரல்கள் போகும். அடுத்த இரண்டும் வராது. வந்தால் தாமதம். வலது கை அதற்குள் கம்பியைச் சுண்டிவிட்டிருக்கும். சத்தம் இல்லாததால் அது அவருக்குக் கேட்கவில்லை. மனதுக்குள் ஓடிய பாட்டைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். "மேடையில நின்னா வந்துரும்" என்பார். "மேடை வேற" என்பார். நான் கீரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, வந்துரும்" என்பேன்.

கச்சேரிக்குச் சில நாள் முன்பு மேனேஜர் வீட்டுக்கு வந்தார். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பழைய கதைகளைப் பேசிச் சிரித்தார்கள். பிறகு இவர் சின்ன ஆம்ப்பைத் தேடி எடுத்து, செக்ரட்டரி வந்தால் வரட்டும் என்று ஒயரைச் செருகி முதல் பாட்டை வாசித்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சத்தம். எனக்குச் சங்கீதம் தெரியாது, எனக்கே தெரிந்தது. நடுநடுவே ஸ்வரங்கள் செத்து விழுந்தன. மேனேஜர் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. இவர் பாதியில் நிறுத்தி, "சின்ன ஆம்ப், ஒண்ணும் சரியாக் கேக்காது" என்றார். மேனேஜர், "ஆமா, சின்ன ஆம்ப்" என்றார்.

வழியனுப்ப லிஃப்ட் வரை போனேன். அவர் பொத்தானை அழுத்தாமல் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். இவர் மேடையில் நிற்கட்டும், கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசிக்கட்டும். இவருடைய ஒயர் எங்கேயும் போகாது. இப்போது குழுவில் வாசிக்கிறவர் ஓரத்தில் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று வாசிப்பார். அந்தச் சத்தம் மைதானத்து ஸ்பீக்கருக்கும் போகும், இவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப் பெட்டிக்கும் போகும். இவருக்குத் தெரியாது. "எங்க தொழில்ல இது இருக்கறதுதான்" என்றார். விரல் போனவர்கள், குரல் போனவர்கள் எத்தனையோ பேருக்குத் திரைக்குப் பின்னால் ஆள் நின்றிருக்கிறார்களாம். இல்லாவிட்டால், "இப்போவே உள்ள போய், வேண்டாம்னு சொல்லிடறேன். நீங்க எது சொல்றீங்களோ அது."

உள்ளே மறுபடி கிட்டார் முனகும் சத்தம் லேசாகக் கேட்டது. வேண்டாம் என்று சொன்னால் அந்தச் சத்தம் நிற்கும், சவரம் நிற்கும், ரசம் நிற்கும். அப்புறம் நான் ஒரு நாள் பால் வாங்கக் கீழே போயிருக்கும்போது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சரி என்றேன். லிஃப்ட் வந்தது, அவர் போய்விட்டார்.

தங்கையிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அத்தானுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது."

"யக்கா, நீ நர்ஸு, அதுனால பேசுத. வலிக்கவனுக்கு ஊசின்னு சொல்லி வெறும் தண்ணியக் குத்துனாலும் வலி கேக்கும்னு பாத்திருக்கோம், வாஸ்தவம்தான். ஆனா இது அவிய சொந்த வேலைல்லா? நம்ம கையில வெறும் தண்ணியக் குடுத்து மருந்துன்னா நம்மளுக்குத் தெரியாதா?"

"தெரியாதுன்னுதான் ஏட்டி நான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன். நீயும் பண்ணு. இல்லேன்னா வாய மூடு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். என் கோபத்துக்கு முன்னால் அவள் எப்போதும் அப்படித்தான்.

கச்சேரி அன்று மத்தியானம் சத்தம் சரிபார்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். மைதானம் காலியாக இருந்தது, ஆட்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் வாசிக்கப்போகிறவர் என் கணவரைவிடச் சற்று இளையவர், மொட்டைத் தலை, நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இவர் மேடையில் ஏறித் தன் இடத்தில் நின்றார். டிரம்ஸுக்குப் பக்கத்தில், பெட்டிக்கு முன்னால். பாட்டைக் கேட்கக் காதில் செருகும் கருவி வேண்டாம் என்று வழக்கம்போலத் தள்ளிவிட்டார். பாட்டு முதுகில் அடிக்க வேண்டும் என்பார். முதல் பாட்டை முழுதாகவும் இரண்டாவதில் தொடக்கத்தை மட்டும் வாசித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் வழக்கம், தெரிந்த பாட்டை யாரும் முழுதாகச் சரிபார்ப்பதில்லை.

விரல்கள் தாமதமாகத்தான் வந்தன. ஓரத்திலிருந்து நான் பார்த்தேன். சத்தம் தாமதமாக வரவில்லை. அவர் முதலில் நம்பாமல் கையைக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்து, "ஏட்டி, கை வந்துட்டுது" என்று தமிழிலேயே சொன்னார். அழுதார். வாழ்நாளில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல். அவர் தலையை என் தோளில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மொட்டைத் தலைக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். கேட்டரிங் மேஜையில் அவர் சமோசா தின்றார், இன்னொன்று கேட்டார்.

சாயங்காலம் கூட்டம் நிரம்பியது. இத்தனை பேர் டெல்லியில் இந்தப் பாட்டுகளைக் கேட்கிறார்களா என்று எனக்கே ஆச்சரியம். தொந்தி விழுந்த பழைய ரசிகர்கள், அவர்களுடைய பிள்ளைகள், கறுப்பு டீ ஷர்ட்டுகள். தொடக்கத்திலேயே இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள், வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பாட்டுக்காரர் இவர் தோளில் கை போட்டு, இந்த ஊர் மாப்பிள்ளை என்று சொன்னார். கூட்டம் கூச்சலிட்டது. நான் ஓரத்தில் கறுப்புத் திரைக்குப் பின்னால், மொட்டைத் தலைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திரை விலகிய இடத்தில் மேடை எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. இவர் டிரம்ஸ் வாசிப்பவரைப் பார்த்துத் தலையாட்டினார், பழைய நாட்களைப் போல ஒரு காலை முன்னால் வைத்துச் சாய்ந்தார். இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. அது அவர்களுடைய பெரிய பாட்டு, கூட்டம் சேர்ந்து பாடியது.

அந்தப் பாட்டில் ஒரு தப்பு இருக்கிறது. இசைத்தட்டுக்காக அதைப் பதிவு செய்த அன்று இவர் பசியோடு இருந்தாராம். பாட்டு பாதியில் போகும்போது சாப்பாடு வந்துவிட்டதா என்று கதவைப் பார்த்தார், விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்தது, பொருந்தாத ஒரு ஸ்வரம் வந்துவிட்டது. எல்லோரும் ஒன்றாக வாசித்துப் பதிந்தது, அன்று பாட்டுக்காரரின் குரல் அமைந்ததுபோல அதன் பிறகு அமையவே இல்லை, அதனால் அதையே வெளியிட்டார்கள். உலகமே அந்தத் தப்போடுதான் பாட்டைக் கேட்டது. அதில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. இவருக்கு அது வாழ்நாள் அவமானம். மேடையில் ஒரு தடவைகூட அதைத் தப்பாக வாசித்ததில்லை, ஒவ்வொரு முறையும் சரியான ஸ்வரத்தை வாசித்துப் பழி தீர்த்துக்கொள்வார். சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ விருந்தாளிகளுக்குச் சொன்ன கதை. நான் கேட்டுப் புளித்துப்போன கதை. ஆனால் எந்த இடத்தில் அது வருகிறது என்று பாட்டில் கண்டுபிடிக்க என் காதுக்குத் தெரியாது, அந்த நேரத்தில் அது என் நினைவிலும் இல்லை.

மொட்டைத் தலைக்காரர் பாட்டை இசைத்தட்டிலிருந்து கற்றவர். ஜனங்கள் இசைத்தட்டில் கேட்டதை அப்படியே வாசிப்பதுதான் அவர் வேலை. தப்பையும் சேர்த்து, பிசகாமல் வாசித்தார்.

மேடையில் என் கணவரின் தலை சட்டென்று நிமிர்ந்தது. யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். கை இன்னும் கம்பியின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினார். கிட்டாரின் கழுத்துப் பகுதியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். பாட்டு நிற்கவில்லை. வலது கையையும் எடுத்தார். பேஸ் கிட்டார் அதன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது, முதுகுக்குப் பின்னால், மைதானம் முழுக்க.

பக்கத்தில் மொட்டைத் தலைக்காரர் என்னைப் பார்த்தார். அவர் விரல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. நிறுத்தவா என்று கண்ணால் கேட்டார். நிறுத்தினால் பாட்டு படுத்துவிடும், அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். நிறுத்தாவிட்டால் இவருக்குத் தெரிந்தது தெரிந்ததுதான். எத்தனையோ அவசரங்களில் ஒரு நொடியில் முடிவெடுத்தவள் நான். அன்று எனக்கு வாயும் வரவில்லை, கையும் வரவில்லை. மரம் மாதிரி நின்றேன். அவர் வாசித்துக்கொண்டே இருந்தார்.

என் கணவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். வலது கை உயரப் போயிற்று, இடது கை தோள் வரை வந்து நின்றது. பாருங்கள், நான் வாசிக்கவில்லை, என் கையில் ஒன்றும் இல்லை என்று மைதானம் முழுவதற்கும் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு தவிப்பு. அங்கிருந்து பார்த்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

கூட்டத்துக்குத் தெரியவில்லை. தங்களுக்குக் கை காட்டுகிறார் என்று நினைத்தார்கள். முன்வரிசையில் ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார், பிறகு பின்னால் இருந்தவர்கள், பிறகு எல்லோரும். அத்தனை ஆயிரம் கைகள். அவர் கையை அசைத்து இல்லை இல்லை என்றார், அவர்களும் கையை அசைத்தார்கள். அவர் கையை இறக்கவில்லை. பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார். அப்படி ஒரு கைதட்டலை அவருடைய வாழ்நாளில் அவருக்கென்று யாரும் தட்டியதில்லை.

ஓரத்துக்கு வந்தவர் திரையை விலக்கினார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். மொட்டைத் தலைக்காரர் ஏதோ சொல்லத் தொடங்கினார். இவர் அவர் தோளைத் தட்டி, "நல்லா வாசிக்கிற. ரொம்ப நல்லா வாசிக்கிற" என்றார். பிறகு, "அந்த ஒரு எடத்தை மட்டும் மாத்திக்கோ. அது தப்பு" என்றார். கிட்டாரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். என்னைத் தாண்டி நடந்துபோய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். வீடு வரை நான் பேசினேன். லிஃப்டிலும் பேசினேன். அழுதேன், கோபப்பட்டேன், உங்களை உயிரோடு வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். போட்டதைச் சாப்பிட்டார், மாத்திரை கொடுத்ததும் விழுங்கிவிட்டு நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார்.

மறுநாள் காலை வழக்கம்போல அவர் கைக்குத் தேய்க்கும் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இடது கையை நீட்டினார். ஒவ்வொரு விரலாக மடக்கினேன், நீட்டினேன், உள்ளங்கையை அழுத்திவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சண்டையாவது போடுவார், கையை உதறுவார் என்று காத்திருந்தேன். முடிந்ததும் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"தேங்க் யூ, சிஸ்டர்" என்றார்.

அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. வார்டுகளில் எத்தனையோ முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் சொன்ன அதே குரலில், அதே மரியாதையோடு சொன்னார். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.